மரப்புலியும் மன்னர் பெருமையும்

விலங்கினும் தான் உயர்ந்தவன் என்று மனிதன் எப்போதும் பெருமை பேசுவான். ஆயினும் தன் வீரத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டிய வேளை வரும்போது அவன் நாடுவது விலங்கின் உருவத்தையே. சோழனின் கொடியிலே புலி பாய்ந்தது. பாண்டியனின் கொடியிலே கயல் துள்ளியது. பல்லவனின் காசிலே காளை நின்றது. கடல் கடந்து வந்த ஆங்கிலேயனும் சிங்கத்தைச் சுமந்துகொண்டே வந்தான். தன்னிடம் நிறைவாக உள்ள ஒன்றை எவனும் இரவல் கேட்பதில்லை. விலங்கின் வலிமையை மனிதன் கல்லிலும் மரத்திலும் செம்பிலும் இரவல் வாங்குகிறான் என்றால், அச்சிலைகள் அவனுடைய செருக்கை மட்டுமல்லாமல் அவனுடைய அச்சத்தையும் சேர்த்தே சொல்கின்றன என்பதில் ஐயமென்ன?

இவ்வுண்மைக்குச் சான்றாக ஒரு மரப்புலி இன்றும் இருக்கிறது. அது பிறந்த இடம் மைசூர் நாடு. அது வாழும் இடம் லண்டன் மாநகரம். அதன் வரலாற்றோடு நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு.

லண்டனில் ஒரு புலி

லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலே, தரையில் மல்லாந்து கிடக்கும் ஒரு மனிதன்மீது ஏறி நின்று அவன் கழுத்தைக் கவ்வும் புலியொன்று வைக்கப்பட்டிருக்கிறது. மரத்தாற் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்ட அப்புலியின் நீளம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர். உயரம் 71 சென்டிமீட்டர். கீழே கிடப்பவன் தொப்பியும் செந்நிற மேலங்கியும் அணிந்த ஐரோப்பியன். புலியின் பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளேயிருக்கும் துருத்திகள் இயங்கும். கீழே கிடப்பவனின் இடக்கை மேலும் கீழும் துடிக்கும். அவன் தொண்டையிலிருந்து ஓலம் எழும். புலியின் தலைக்குள்ளிருந்து உறுமல் கேட்கும். புலியின் விலாப்புறத்துக் கதவைத் திறந்தால் 18 கட்டைகள் கொண்ட சிறிய இசைக்கருவி ஒன்றும் காணப்படும். வேட்டையும் வேதனையும் இசையும் ஒரே வயிற்றுக்குள் அடைக்கப்பட்ட விந்தை அது!

திப்பு சுல்தானுக்காக ஏறக்குறைய 1793ஆம் ஆண்டில் இது செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பர். உருவம் மைசூர்க் கைவினைஞர் செதுக்கியது. உள்ளிருக்கும் பொறியமைப்பில் சுல்தானின் பணியிலிருந்த பிரெஞ்சுக்காரரின் கையும் இருந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர்.

புலி என்பது சுல்தானுக்கு வெறும் அலங்காரமன்று. அதுவே அவருடைய அரசின் முத்திரை. வீரர்களின் உடையிலே புலிவரி. பீரங்கி வாயிலே புலிமுகம். வாளின் பிடியிலே புலித்தலை. 'அஸதுல்லாஹில் காலிப்' என்னும் அரபுச் சொற்றொடரைப் புலியின் முகம்போல் வளைத்தெழுதி ஆயுதங்களிலே பொறித்தனர். அல்லாஹ்வின் வெற்றி வீரச் சிங்கம் எனப் பொருள்படும் அத்தொடர் ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களின் சிறப்புப் பெயராகும். சுல்தானின் தந்தையார் பெயரே 'ஹைதர்'. அதற்கும் சிங்கம் என்பதே பொருள். சுல்தான் துயிலும் கும்பஸின் உட்சுவர்களில்கூட இன்றும் புலிவரிகளைக் காணலாம்.

இரு தந்தையர்

இம்மரப்புலி எவ்வேளையிற் பிறந்தது என்பதை எண்ணிப் பார்த்தால்தான் அதன் உட்பொருள் விளங்கும்.

1780ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதியிற் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தொலைவிலே பெரும்படையுடன் இருந்த தளபதி சர் ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. தம் கனத்த பீரங்கிகளைக் குளத்திலே தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். அன்று மைசூரின் கை ஓங்கியிருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன, காலச்சக்கரம் சுழன்றது. 1792ஆம் ஆண்டு கார்ன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார். சுல்தான் தம் நாட்டிற் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்த இசைந்தார். அவையும் போதாவென்று, பணம் செலுத்தி முடியும்வரை தம் மக்கள் இருவரைப் பிணையாக ஒப்படைக்கவும் நேர்ந்தது. அப்துல் காலிக், முயீஸுத்தீன் என்னும் அவ்விருவரும் சிறுவர்கள். அவர்கள் கொண்டுவரப்பட்ட இடம் நம் சென்னை. தந்தையின் முகம் காணாமல் இங்கே இரண்டாண்டுகள் இருந்த அப்பிள்ளைகள் 1794ஆம் ஆண்டிலேதான் திரும்பினர்.

அவர்கள் சென்னையிலே பிணைக்கைதிகளாக இருந்த காலத்தில், 1792 டிசம்பர் 22ஆம் நாள், கங்கையின் முகத்துவாரத்திலுள்ள சாகர் தீவிலே ஒரு கோரம் நிகழ்ந்தது. மான் வேட்டைக்காகக் கரையிறங்கிய இளைஞர் குழுவொன்றின்மீது புலி பாய்ந்தது. அவர்களுள் ஒருவரைத் தலையைக் கவ்வி இழுத்துச் சென்றது. துப்பாக்கிச் சூட்டால் புலி அவரை விட்டுவிட்டாலும், அந்தப் படுகாயத்தால் அவர் மாண்டார். அவ்விளைஞர் வேறு யாருமல்லர். பொள்ளிலூருக்கு உதவ வராத அதே தளபதி மன்றோவின் மகன்!

இச்செய்தி இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பெரிதும் பேசப்பட்டது. இதைக் கேட்டே சுல்தான் மரப்புலியைச் செய்வித்தார் என்று கருதுவோர் பலர். இங்கிலாந்திலும் இந்நிகழ்ச்சியைப் பீங்கானில் பொம்மையாகச் செய்து விற்றனர். மைசூர் அரண்மனையிற் பழிவாங்கும் இன்பமாக இருந்தது, ஆங்கில வீட்டுக் கூடத்திலே அலமாரிப் பொம்மையாயிற்று. ஒரு பிள்ளையின் மரணம் இருபுறத்தாருக்கும் காட்சிப் பொருளான விதம் இது.

ஆயினும் ஈண்டு நாம் நினைக்க வேண்டியது வேறொன்று. மைந்தனைப் புலிக்குப் பறிகொடுத்த தந்தை ஒருவர். மைந்தர்களைப் பகைவனிடம் பிணையாக அனுப்பிவிட்டு அரண்மனையிலே காத்திருந்த தந்தை மற்றொருவர். இரு தந்தையரின் இரு துயரங்களுக்கிடையே தோன்றியது அந்தப் புலி. வெற்றிக் களிப்பிலே சிரித்தவன் செய்த பொம்மையாக அதனைக் காண இயலவில்லை. நாட்டிற் பாதி போய், பிள்ளைகளும் அயலான் காவலில் இருந்த காலத்தையொட்டித் தோன்றிய உருவம் அது. கைப்பிடியைச் சுழற்றும்போதெல்லாம் பகைவன் அலறினான். சுழற்றுவதை நிறுத்தியதும் அரண்மனையிலே பழைய அமைதிதான்.

அமராத அரியணை

சுல்தான் தமக்கென ஓர் அரியணையும் செய்வித்தார். பொற்றகடு வேய்ந்த அவ்வரியணையைப் புலியொன்று தாங்கி நின்றது. சுற்றுக்கம்பிகளின்மேல் மணிகள் பதித்த எட்டுச் சிறு புலித்தலைகள் இருந்தன. மேலே ஹுமா என்னும் பறவை சிறகு விரித்திருந்தது. ஹுமாவின் நிழல் எவன் தலைமீது விழுமோ அவன் அரசனாவான் என்பது பாரசீக மரபு. பகைவரை முற்றும் வென்ற பிறகே அதில் அமர்வேன் என்று சுல்தான் உறுதி பூண்டிருந்தார் என்றும், ஆகவே ஒருநாளும் அதில் அவர் அமரவில்லை என்றும் கூறுவர்.

1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. சுல்தான் ஓடி ஒளியவில்லை. கோட்டை வாயிலிலே வாளேந்திப் போரிட்டு ஷஹீதானார். இரவிலே விளக்கேந்தித் தேடியபோது, குவிந்து கிடந்த சடலங்களின் நடுவே அவருடைய உடல் கண்டெடுக்கப்பட்டது. மறுநாள் தந்தையின் பக்கத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவ்வீரத்திற்குப் பொற்புலி துணை நிற்கவில்லை. மரப்புலியும் காவல் புரியவில்லை. அந்நேரத்தில் அவரிடம் இருந்தவை தம் கை வாளும் நெஞ்சின் உறுதியுமே. சிலைகள் இல்லாமலே சுல்தான் பெரியவராக நின்ற நேரம் அதுவே எனலாம்.

அரியணையை வென்றவர்கள் துண்டு துண்டாக உடைத்துப் பங்கிட்டனர். அதைத் தாங்கிய புலியின் தலையும், மேலே சிறகு விரித்த ஹுமாவும் இன்று ஆங்கில அரச குடும்பத்தின் விண்ட்சர் மாளிகையில் இருக்கின்றன. நிழலால் அரசுரிமை தரும் பறவை, அரசனைக் காக்காமல் கொள்ளைப் பொருளாகிக் கப்பலேறியது.

அரண்மனையிலே உயிருள்ள புலிகளும் இருந்தன. கோட்டையின் பொறுப்பை ஏற்ற கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி, அவற்றிற்கு உணவும் இல்லை, கவனிப்பாரும் இல்லை, எவரேனும் கொண்டு செல்லாவிடில் சுட்டுக்கொல்ல உத்தரவிட நேரும் என்று எழுதினார். மரப்புலிக்கோ லண்டனிலே மாளிகை கிடைத்தது! உயிருள்ளது சுமையாயிற்று, உயிரற்றது செல்வமாயிற்று.

வென்றவர் செருக்கு

தோற்றவரின் செருக்கைச் சொன்ன நாம் வென்றவரின் செருக்கையும் சொல்ல வேண்டும். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த மார்னிங்டன் பிரபு, போரை அருகிருந்து நடத்துவதற்காகச் சென்னைக் கோட்டையில் வந்து தங்கியிருந்தார். வெற்றியின் நினைவாகக் கம்பெனியார் ஒரு பதக்கம் வெளியிட்டனர். ஆங்கிலச் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே வீழ்த்தி மிதிக்கும் காட்சி அதில் பொறிக்கப்பட்டது. தளபதிகளுக்குப் பொன்னிலும், படிப்படியாக வெள்ளியிலும் செம்பிலும், சாதாரணச் சிப்பாய்களுக்குத் தகரத்திலும் அது வழங்கப்பட்டது. அதிலே ஒரு வேடிக்கை உண்டு. அச்சிங்கத்தின் பின்னே பறக்கும் கொடியில் 'அஸதுல்லாஹில் காலிப்' என்று அரபியிலே எழுதியிருந்தனர். தோற்கடித்த சுல்தானின் சொல்லையே இரவல் வாங்கித் தங்கள் சிங்கத்திற்குச் சூட்டினர்!

மரப்புலியை 1808ஆம் ஆண்டு லண்டனிலிருந்த கம்பெனியின் தலைமை மாளிகையில் மக்கள் பார்வைக்கு வைத்தனர். வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றித் தம் இனத்தானின் ஓலத்தைத் தாமே கேட்டு மகிழ்ந்தனர். பக்கத்திலே நூல் பயின்றோர் அந்த இரைச்சலைப் பொறுக்க முடியாமல் முறையிட்டனர். பகைவனின் கொடுமைக்குச் சான்று என்று காட்டிய பொருள் சில ஆண்டுகளிலே திருவிழாப் பொம்மையாகிவிட்டது. கம்பெனியும் மறைந்தது, அதன் மாளிகையும் இடிக்கப்பட்டது. புலி இடம் மாறி மாறி 1880ஆம் ஆண்டு இன்றுள்ள அருங்காட்சியகத்தை அடைந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மானியர் குண்டு வீச்சால் கூரை இடிந்து அதன்மேல் விழுந்தது. மரப்புலி சில நூறு துண்டுகளாகச் சிதறியது. அவற்றையெல்லாம் பொறுக்கி ஒட்டிச் செப்பனிட்டு முடித்த ஆண்டு 1947. எந்தப் பேரரசின் வெற்றிச் சின்னமாக அது கொண்டு செல்லப்பட்டதோ, அந்தப் பேரரசு இந்தியாவை விட்டு அகன்ற ஆண்டும் அதுவே.

திருமறை காட்டும் இரு காட்சிகள்

உயிருள்ளவற்றின் உருவங்களைச் சமைப்பதை மார்க்க அறிஞர்கள் விரும்பவில்லை; தடுத்துரைத்தனர். ஆயினும் அரண்மனைகள் அச்சொல்லை எப்போதும் கேட்டன என்று கூறுவதற்கில்லை. கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகையிலே பன்னிரண்டு சலவைக்கற் சிங்கங்கள் நீர்த்தொட்டியைச் சுமந்து நிற்கின்றன. அவற்றை நிறுவிய அரசு 1492ஆம் ஆண்டு மறைந்தது. சிங்கங்கள் புதிய எசமானர்களுக்கும் அதே தொட்டியைச் சுமந்தன. ஸ்பெயின் முஸ்லிம்கள் வார்த்தது என்று கருதப்படும் கழுகுத்தலைச் சிங்கம் ஒன்று, இத்தாலியின் பைசா நகரத் தேவாலயக் கூரைமேல் பல நூற்றாண்டு நின்றது. உரிமையாளருக்கு நல்வாழ்த்துக் கூறும் அரபு எழுத்துகள் அதன் உடலிலே உள்ளன. உரிமையாளர் மாறினார், வாழ்த்து மாறவில்லை!

திருமறை இருவேறு இடங்களில் இதனைத் தெளிவாக்குகிறது. மூஸா நபி (அலை) அவர்கள் இல்லாத வேளையிலே ஸாமிரி என்பவன் பொன்னணிகளை உருக்கிக் கன்றின் உருவம் செய்தான். அது ஓசையும் எழுப்பியது. ஆனால் கேட்டவர்க்கு மறுமொழி தரவும் நன்மையோ தீமையோ செய்யவும் அதனால் இயலவில்லை என்று 'தாஹா' அத்தியாயம் உணர்த்துகிறது. கன்றின் உடலுக்குள் காற்றுப் புகுந்தே ஓசை பிறந்தது என விரிவுரையாளர் சிலர் கூறுவர். துருத்தியால் உறுமும் புலியை எண்ணும்போது அக்கன்றின் நினைவு வராமற் போகாது. ஓசை உயிராகாது, உறுமல் வீரமாகாது.

மற்றொரு காட்சி 'ஸபஃ' அத்தியாயத்தில் உள்ளது. ஸுலைமான் நபி (அலை) அவர்களுக்காக ஜின்கள் மாடங்களையும் உருவங்களையும் பெருங்கொப்பரைகளையும் செய்து கொடுத்ததை ஒரு வசனம் கூறுகிறது. அடுத்த வசனமோ அவர்களுடைய மரணத்தைச் சொல்கிறது. கைத்தடியிற் சாய்ந்தவாறே அவர்கள் உயிர் நீத்ததை, பூச்சியொன்று தடியை அரித்து உடல் சாயும்வரை ஜின்கள் அறியவில்லை. எவருக்கும் கிட்டாத பேரரசும், அதனைச் சாய்த்த சிறுபூச்சியும் அடுத்தடுத்து வைத்துக் காட்டப்பெறுகின்றன. இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

அங்கவடி இல்லாத குதிரை

சடையங்குப்பத்திலிருந்து திருவொற்றியூர், இராயபுரம் வழியாகக் கோட்டையைக் கடந்து அண்ணா சாலைக்குச் செல்வோர், தீவுத்திடலருகே உயர்ந்த பீடத்தின்மேல் குதிரையேறி நிற்கும் செம்புச் சிலையைக் கண்டிருப்பர். அவர் சர் தாமஸ் மன்றோ. முன்சொன்ன ஹெக்டர் மன்றோவினும் வேறானவர். ஆயினும் 1780ஆம் ஆண்டு இளஞ்சிப்பாயாக வந்திறங்கி, ஹெக்டர் மன்றோவின் படையிலே அந்தப் பின்வாங்கலைக் கண்டவர். 1799இல் மைசூரின் எதிர்காலத்தை வகுத்த குழுவின் செயலாளர் இருவருள் ஒருவர். பின்னாளிற் சென்னையின் கவர்னர். உழவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறையை நிலைபெறச் செய்தவர்.

பிரான்சிஸ் சாந்த்ரி என்னும் புகழ்பெற்ற சிற்பி வார்த்த அச்சிலை 1839ஆம் ஆண்டு இங்கே நிறுவப்பட்டது. குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்றும், பிழையை உணர்ந்து தற்கொலை செய்துகொண்டார் என்றும் கதை வழங்குகிறது. அது வெறுங்கதையே. அவர் செய்த ஆங்கில மன்னர் நான்காம் ஜார்ஜின் சிலையிலும் அங்கவடி இல்லை. பண்டைய ரோமானிய மன்னர்களின் குதிரைச் சிலைகளைப் பின்பற்றிய கோலம் அது. ஆனால் மக்கள் ஏன் அக்கதையை விரும்பிச் சொல்கின்றனர்? அவ்வளவு கம்பீரத்திலும் ஒரு குறையைக் கண்டால்தான் சாமானியனின் மனம் ஆறுதலடைகிறது போலும்.

குறையைத் தேட அங்கவடிவரை செல்ல வேண்டியதில்லை. ஹைதரின் வாளுக்கும் திப்புவின் பீரங்கிக்கும் தப்பிய தாமஸ் மன்றோ, தாயகம் திரும்பவிருந்த நேரத்தில் 1827 ஜூலை 6ஆம் நாள் பத்திகொண்டா என்னும் சிற்றூரிலே காலராவுக்கு இரையானார். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு முன் கவர்னரும் கூலியாளும் ஒன்றே. சிலையோ அதனைச் சொல்வதில்லை.

கஞ்சித்தொட்டியின் சாட்சி

மன்னர்களும் தளபதிகளும் புலியும் சிங்கமும் குதிரையுமாக நிற்க, அவர்களின் போரிலே பட்டவர் யார்? ஹைதரின் படை 1780இல் வந்தபோது சென்னையைச் சுற்றிலும் ஊர்கள் எரிந்தன, பயிர்கள் அழிந்தன. உழுதுண்டவர் உணவு தேடி நகரத்திற்கு ஓடிவந்தனர். 1781 முதல் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. அப்பொழுது வடசென்னையிலே ஊர் மணியக்காரர் ஒருவரால் கஞ்சி ஊற்றும் இடம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்னும் அப்பெயரே ஆங்கிலேயர் நாவில் 'மோனிகர் சத்திரம்' எனத் திரிந்தது. திப்பு வீழ்ந்த 1799ஆம் ஆண்டளவில் அதனைச் சார்ந்து ஒரு வைத்தியசாலையும் தோன்றியது. இன்று ஸ்டான்லி மருத்துவமனையைப் பெரியவர்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று வழங்குவது இதனாலேதான்.

சடையங்குப்பம் போன்ற ஆற்றோரச் சிற்றூர்களின் பெயர்களைப் பெரிய போர் வரலாறுகளில் காண்பதரிது. பதக்கத்தில் அவர்களுக்கு இடமில்லை, பீடமும் இல்லை. ஆனால் பசித்தவனுக்கு ஊற்றிய கஞ்சியின் பெயர், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மக்கள் நாவிலே நிலைத்திருக்கிறது. எந்தக் கொற்றனும் செதுக்காத நினைவுச் சின்னம் அது.

உயிருள்ள விலங்குகளின் நிலையும் அம்மக்களின் நிலையை ஒத்ததே. புலியைக் கொடியிலும் அரியணையிலும் ஏற்றிப் போற்றிய இந்நாட்டிலே, 1972ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிற் காணப்பட்ட புலிகள் 1,827 மட்டுமே. அடுத்த ஆண்டு தொடங்கிய பாதுகாப்புத் திட்டத்தின் பயனாக, 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவை குறைந்தது 3,167 எனத் தெரிந்தது. நம் கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தையே பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஆலை எண்ணெய் பரவியதால், எண்ணூர்க் கழிமுகத்திலே கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் கறுத்துப் பறக்க இயலாமல் நின்றன. மீனவர் வலைகளும் படகுகளும் அதே எண்ணெயிற் கறுத்தன. பறவைக்கு வந்த துன்பமும் மனிதனுக்கு வந்த துன்பமும் ஒரே நீரில் கலந்தே வந்தன. செதுக்கிய விலங்கை விளக்கொளியில் வைத்துக் காக்கும் மனிதன், படைத்தவன் தந்த விலங்கைக் காக்க இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை.

திப்பு சுல்தானை நாம் மதிப்பது அவருடைய மரப்புலிக்காக அன்று. மண்ணை விட்டுக்கொடாமல் உயிரை விட்டதற்காகவே. தாமஸ் மன்றோவை உழவர்கள் நினைத்தது அவருடைய குதிரைக்காக அன்று. அவர் அவர்களிடம் நேரில் வந்து குறை கேட்டதற்காகவே. சிலை சொல்வது ஒருவன் தன்னை எவ்வாறு காட்ட விரும்பினான் என்பதை. வரலாறு சொல்வது அவன் எவ்வாறு இருந்தான் என்பதை. லண்டனிலுள்ள அந்தப் புலியின் வாய் இன்றும் மூடவில்லை; கீழே கிடப்பவனும் எழவில்லை. வென்றவர் எங்கே, தோற்றவர் எங்கே என்று கேட்டால், இருவரும் மண்ணுக்குள்ளே என்பதே விடை. மனிதனின் பெருமைக்கு அளவு குறித்துக்கொள்ள அந்த ஒரு விடை போதும்.